குளத்து உள்வாயும் பரிணாம அல்காரிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

குளங்களின் கொள்ளளவைப் பரிணாம அல்காரிதம் (உயிரினப் பரிணாமத்தைப் போலத் தீர்வுகளைக் கலந்து, மாற்றி, நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கும் கணினி முறை) கொண்டு கணக்கிடலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தாமிரபரணிப் பாசனத்தை நம்பியிருக்கும் எங்களுக்கு அது மகிழ்ச்சியளித்தாலும், அம்முறை எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்பதைக் கட்டுரை பிரித்துக் காட்டவில்லை.

குளத்து உள்வாயில், அதாவது நீர் நிற்கும் உட்பகுதியில், அளந்தெடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, மட்டம் என மூன்று எண்கள் உண்டு. அப்புள்ளிகளுக்கு ஒரு பரப்பைப் பொருத்தி, அதன்மேல் மறுகால் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) மட்டம் வரை நிற்கக்கூடிய நீரைக் கூட்டினால் கொள்ளளவு கிடைக்கும். பரப்பை இருபடிப் பல்லுறுப்புக் கோவையாகக் கொண்டால் 6 கெழுக்களும் முப்படியாகக் கொண்டால் 10 கெழுக்களும் காண வேண்டும். இவை நேரியல் கெழுக்களாதலால் பிழைகளின் வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைவாக்கும் மீச்சிறு வர்க்க முறை ஒரே கணக்கில் விடை தந்துவிடும். இதற்குப் போய் நூற்றுக்கணக்கான தீர்வுகளை உருவாக்கி, அவற்றைக் கலந்தும் மாற்றியும் தலைமுறை தலைமுறையாக வடிகட்டுவது, மடை இருக்கக் கரையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது.

ஆனால் மண் எடுத்த குழிகளும் வண்டல் மேடுகளும் அருகருகே கிடக்கும் நம் குளங்களில் ஒற்றைப் பல்லுறுப்புக் கோவை இல்லாத அலைகளையெல்லாம் காட்டும். அங்கே துண்டுகளாக இணையும் ஸ்ப்லைன் பரப்பே ஏற்றது. துண்டுகள் சேரும் முடிச்சுகளை எங்கே, எத்தனை வைப்பது என்பது நேரியல் கணக்கன்று. பிழை குறையும் திசையை மட்டும் பார்த்து நகரும் முறைகள் அரைகுறை விடையிலேயே நின்றுவிடக்கூடும். 1960களில் பெர்லினில் ரெக்கன்பெர்க்கும் ஷ்வெஃபெலும், அமெரிக்காவில் ஜான் ஹாலண்டும் வளர்த்தெடுத்த பரிணாம வழி இங்குதான் கைகொடுக்கிறது. முடிச்சுகளை அது தேடட்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் உரிய கெழுக்களை, பொய்ப் புள்ளிகள் இல்லாதவரை, மீச்சிறு வர்க்க முறையே காணட்டும்.

ஒரு தீர்வு எவ்வளவு நல்லது என்று அளக்கும் தகுதியாக எதைக் கொள்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ட்ரோனிலிருந்து பாய்ச்சும் லேசர் சீமைக்கருவேல மரங்களின் மேல் பட்டுத் திரும்பினால், தரையை விடப் பல அடி உயரத்தில் பொய்ப் புள்ளிகள் பதிவாகும். பிழைகளின் வர்க்கத்தைக் கூட்டினால் அந்தச் சில புள்ளிகளே பரப்பைத் தம் பக்கம் இழுத்துவிடும் என்பதால், அங்கே கெழுக்களைக் காண்பதிலும் தகுதியை அளப்பதிலும் பிழைகளின் தனி மதிப்பை (கூட்டல், கழித்தல் குறி நீக்கிய அளவை) கூட்டுவது நலம். முடிச்சுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு தண்டம் விதிக்காவிட்டால் அல்காரிதம் அவற்றைப் பெருக்கிக்கொண்டே போகும். 100 ஹெக்டேர் குளத்தில் மட்டம் சராசரியாக 10 சென்டிமீட்டர் பிசகினால் கொள்ளளவில் 1 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 35 லட்சம் கன அடி வேறுபடும். தூர்வாரும் ஒப்பந்தம் இந்த எண்ணை வைத்தே பேசப்படும் என்பதை விவசாயிகள் அறிவார்கள்.

மேலும், இம்முறை தற்செயல் எண்களை நம்பியிருப்பதால் கணினியில் இயக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை சற்று மாறலாம். ஆகவே அளவீட்டு முடிவுகளை வெளியிடுவோர், வண்ண வரைபடத்தோடு நின்றுவிடாமல், மூலப் புள்ளிகளையும், பல ஓட்டங்களில் கிடைத்த கொள்ளளவுகளையும், பொருத்தலில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த புள்ளிகளில் கண்ட பிழையையும் சேர்த்தே வெளியிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை.