ஆழ்ந்த மூச்சில் கல்தூள் போகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில், 'தினமும் காலையில் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டால் நுரையீரலில் படிந்த தூசி முழுவதும் வெளியேறிவிடும்' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோமே" என்று அம்மா அழுதார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா ஓமலூர் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் வேலை பார்த்தவர். பெரிய தூசி மூச்சுக்குழாயிலேயே சளியில் ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அதை மேலே தள்ளிவிடும், இருமினால் வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத கல்தூள் அப்படியல்ல, நேராகக் காற்றுப்பைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே மயிரிழைகள் கிடையாது. தூளை விழுங்க வரும் செல்களும் அதிலுள்ள சிலிக்கா என்ற கனிமத்தால் செத்துப்போகின்றன. மெல்ல மெல்ல அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. வேலையை விட்ட பிறகும் தழும்பு பரவலாம். மூச்சுப்பயிற்சி தெம்பு தரும், மறுக்கவில்லை. தழும்பை அது எடுக்காது. இது தங்களுக்குத் தெரியாததா?

கால் வீக்கம் என்றால் சிறுநீரகத்தைப் பாருங்கள் என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள். இதயத்தின் வலது பக்கம்தான் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. தழும்பேறிய நுரையீரலில் ரத்தக்குழாய்கள் குறுகிவிடுவதால் அது கூடுதல் அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது, கடைசியில் ஓய்ந்துபோகிறது. உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் தேங்கி, காலில் நீர் கோத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு வந்த வீக்கம் அதுதான். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் ஆஸ்துமா என்றார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் ரொம்ப நாள் வரை யாருமே கேட்கவில்லை.

கோடை விழா சமயத்தில் 'ஏற்காட்டுக் காற்றில் ஆக்சிஜன் அதிகம்' என்று போட்டதையும் நான் மறக்கவில்லை. அதை நம்பி மாமா, அப்பாவை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கூட்டிப்போனார். ஆக்சிஜனின் பங்கு சேலத்திலும் 21 சதவீதம், ஏற்காட்டிலும் 21 சதவீதம்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைந்துவிடுகிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கு அது தெரியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்த அப்பாவால் எழுந்து நாலடி வைக்க முடியவில்லை.

கல்தூளால் நுரையீரல் தழும்பேறும் இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி அது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. தொழிலாளர்களுக்கான 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் அது இருந்தது. ஆனால் கிரஷர் பதிவேட்டில் அப்பாவின் பெயரே இல்லை. கல்லை நனைத்து உடைத்தால் தூள் பறப்பது பெருமளவு அடங்கும். அதற்கும் அங்கே தண்ணீர் இல்லை என்றார்கள். இவற்றையெல்லாம் எழுத உங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. நுரையீரலைச் சுத்தம் செய்யும் லேகியத்துக்கு அரைப்பக்க விளம்பரம் போட இடம் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த மூச்சுப்பயிற்சி வரிக்கு ஒரு திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடுங்கள். கிரஷர், குவாரி வேலைக்குப் போனவர்கள் டாக்டரிடம் முதலில் தங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும் என்று அதன்கீழ் ஒரு வரியும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிரஷர் தொழிலாளியின் மகள்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.