ட்ரிம்மைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானத்தின் மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது, வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் (விமானம் ஓட்டுவது போலவே இருக்கும் விளையாட்டு) போட்டு ஓட்டுகிறார்கள், நல்லதுதான். உங்கள் மாணவர் பக்கத்திலும் அதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏறுவது, இறங்குவது, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் எல்லாம் இருந்தது. பிடியை இழுத்துக்கொண்டே இருக்காமல் விமானத்தைச் சீராகப் பறக்க வைக்கும் ட்ரிம் பற்றி ஒரு வரி இல்லை!

அது தெரியாததால்தான் பிள்ளைகள் ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், கை கடுத்ததும் ஆட்டோபைலட்டைத் தட்டிவிடுகிறார்கள். மாட்டுவண்டியில் பாரம் முன்னால் தள்ளியிருந்தால் மாட்டின் கழுத்தை அழுத்துமே, மூட்டையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் சரியாகிவிடும், ட்ரிம் செய்கிற வேலையும் அதுதான். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில், இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குக் கீழே ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதை உருட்டினால் வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் பின்விளிம்பில் ஒரு சின்னத் தகடு எதிர்ப்பக்கம் மடங்கும், அதில் படும் காற்றே எலிவேட்டரைத் தேவையான இடத்தில் பிடித்துக்கொள்ளும், விமானியின் கைக்குப் பாரம் இருக்காது.

வீட்டில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிஜ விமானத்தில் ட்ரிம் செய்ததும் பிடி அதே இடத்தில் நிற்கும், அழுத்தம் மட்டும் மறைந்துபோகும். நம் ஜாய்ஸ்டிக்கிலோ ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும், ட்ரிம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே ட்ரிம் பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டத் தட்ட, கையையும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு விட்டுக்கொண்டே வரவேண்டும், கண் முழுக்க வெளியே அடிவானத்தில். கையை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரிம்மை மட்டும் தட்டினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், உடனே சிமுலேட்டர் சரியில்லை என்று ஒரு புகார் வேறு.

வரிசையும் முக்கியம். முதலில் மூக்கு, அப்புறம் த்ராட்டில், வேகம் ஒரு நிலைக்கு வரும்வரை பொறுமை, கடைசியில்தான் ட்ரிம். வேகம் மாறிக்கொண்டிருக்கும்போதே ட்ரிம்மைத் துரத்துவது வீண் வேலை, ஏனென்றால் அது பிடித்து வைப்பது உயரத்தை இல்லை, வேகத்தை. 90 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) ட்ரிம் செய்துவிட்டு த்ராட்டிலைக் கூட்டினால் விமானம் ஏறத் தொடங்கும், குறைத்தால் இறங்கும், வேகம் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். இது புரிந்துவிட்டால் இறங்குவதே பாதி சுலபம்.

இன்னொன்று, இறங்குவதற்காக மூக்கு மேலே இருக்கும்படி ட்ரிம் செய்துவிட்டு, வேண்டாம் என்று முழு த்ராட்டில் கொடுத்து மறுபடி ஏறினால், மூக்கு சட்டென்று எகிறும். அங்கே தயங்காமல் முன்னால் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வேகம் செத்து ஸ்டால்தான், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போய்விடும். விளையாட்டுதானே என்பவர்களுக்கு: 2018, 2019-இல் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்களே, அங்கே தவறான சென்சார் தகவலை நம்பி ஒரு தானியங்கி அமைப்பு மூக்கு இறங்கும்படி திரும்பத் திரும்பத் திருப்பியதும் வாலில் உள்ள ட்ரிம் அமைப்பைத்தான்.

சிமுலேட்டரில் பழக நம் ஊரே போதும். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் ஏறி, காற்றில்லாத வானிலை வைத்துக்கொண்டு, 5,000 அடியில் 100 நாட் வேகத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், கால் மணி நேரம்தான். ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர், கிருஷ்ணகிரி அதைவிட நிறையத் தாழ்வு, அதனால் தரை கீழே போய்க்கொண்டே இருக்கும், அதைப் பார்த்து நாம் ஏறுகிறோம் என்று ஏமாறாமல் உயரமானியை நம்புங்கள். சூளகிரி தாண்டியதும் பிடியை விட்டுப் பார்க்கலாம். இறக்கை லேசாகச் சாய்ந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அது பரவாயில்லை. உயரம் நூறு அடிக்குள் நின்றால் சரி, நிற்காவிட்டால் முதலில் த்ராட்டிலையும் வேகத்தையும் பாருங்கள், ட்ரிம்மை அப்புறம் தொடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி