வீட்டை இழக்கும் முன்பே உதவி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடற்றோருக்கு இரவுக் காப்பகம் அமைப்பதையே நகர நிர்வாகங்கள் பெரிதும் பேசுகின்றன. ஆனால் ஒரு குடும்பம் தெருவுக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே, வாடகை பாக்கியும் காலி செய்யச் சொல்லும் நோட்டீசுமாக அந்தச் சரிவு தொடங்கிவிடுகிறது. தினக்கூலி பெறுபவர் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அம்மாத வாடகை தவறும். அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். காலி செய்துவிட்டால் புதிய வீட்டுக்கான முன்பணத்தை அவரால் புரட்டவே முடியாது. அந்த நிலை வருவதற்கு முன்பே பாக்கி வாடகையை நகர நிர்வாகமே உரிமையாளரிடம் நேரடியாகச் செலுத்தினால், பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் வேலையும் குலையாமல் தப்பும்.

பணம் மட்டும் போதாது. வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் குறைந்த வருமான வாடகைதாரர்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவியை நியூயார்க் நகரம் 2017இல் சட்டமாக்கியது. அமெரிக்காவில் இதை முதலில் செய்த நகரம் அதுவே. எதிர்த்தரப்பில் வழக்கறிஞர் வாதாட, கசங்கிய வாடகை ரசீதுகளுடன் தனியே நிற்பவருக்கு இது எத்தனை பெரிய துணை!

எத்தகைய உதவியானாலும் விரைந்து கிடைக்க வேண்டும். சான்றிதழ் மேல் சான்றிதழ் கேட்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தால், வீடு பறிபோன பிறகுதான் பணம் வந்து சேரும். ஆகவே, நோட்டீஸைக் காட்டிய உடனேயே விண்ணப்பத்தை ஏற்று, சில நாட்களுக்குள் முடிவெடுக்கும் முறையை நகர நிர்வாகங்கள் கொண்டுவர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்