விடிய விடியத் தைப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடியில் வீட்டோடு இருந்து தையல் செய்கிறவள், இருபத்திரண்டு வருடமாகிறது. டிசம்பர் வந்து பள்ளிச் சீருடைத் தையல் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் மெசின் வைத்திருக்கும் எந்தப் பெண்ணை விசாரித்தாலும் "கண்ணில நித்திரை இல்ல" என்றுதான் சொல்வாள். சொல்லும்போது குரலில் ஒரு பெருமையும் இருக்கும். எனக்கும் அது இருந்தது. "அவ விடிய விடிய இருந்து தைப்பா, சொன்ன நேரத்துக்குத் தருவா" என்று பக்கத்து வீட்டு மாமி யாருக்கோ சொன்னது காதில் விழுந்து, அன்று முழுக்க மனம் நிறைந்து திரிந்திருக்கிறேன். அந்தப் பெருமை பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் நடந்தது. பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருந்தது. வெளியே மழை ஊற்றுகிறது, நேரம் இரவு பன்னிரண்டரை, வெட்டுப் பலகையில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வெள்ளைத் துணி. இந்தச் சட்டைக்குப் பின்பக்கம் சிப் வரும், முன்பக்கம் ஒரே துண்டாக வர வேண்டும். அதனால் கடதாசி அச்சைத் துணியின் மடிப்போடு ஒட்ட வைத்துத்தான் வெட்டுவோம். தையல் பழக வரும் பிள்ளைக்கு முதல் கிழமையே சொல்லிக் கொடுக்கிற விசயம் இது. நான் அச்சைத் திருப்பி, திறந்த பக்கத்தில் வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் போன சத்தம் இப்பவும் ஞாபகம் இருக்கிறது. எடுத்து விரித்தால் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு துண்டு.

அது அரசாங்கம் கொடுத்த இலவசத் துணி, ஒரு சட்டைக்கு என்று அளந்து கொடுத்தது, மிச்சம் என்று ஒன்றும் வராது. விடிந்ததும் கடைக்கு ஓடினேன். வெள்ளையிலும் ஒரு வெள்ளை போல இன்னொன்று இராது என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒன்று பால் நிறம், ஒன்று நீலம் ஓடும், பக்கத்தில் பக்கம் வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் சட்டைக்கு முழுத் துணியும் என் காசில் வாங்கித் தைத்துக் கொடுத்தேன், அதற்குள் முதல் நாள் போய்விட்டது. "என்னகா, நீங்களா இப்பிடி வெட்டினீங்க?" என்று அந்தத் தாய் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சீசன் முடிந்த பிறகு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். திருத்தச் சொல்லித் திரும்பி வந்த உடுப்புகள் பதினொன்று. எது எப்போது தைத்தது என்று யோசித்துப் பார்த்தால், எட்டு உடுப்பு இரவு பத்து மணிக்குப் பிறகு தைத்தவை. கை நீளம் ஒரு பக்கம் கூடியது, 26 என்று எழுதியதை 24 என்று வாசித்து இடுப்பு இறுகியது, இப்படி. பத்து நிமிடத்தில் ஓட்டின தையலைப் பிரிக்க அரை மணித்தியாலம் போகும். வெள்ளைத் துணியில் பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை தெரியும். அதைக் கழுவி, ஈரத்தோடு அயர்ன் பிடித்து மறைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரவில் நான் செய்த வேலையில் பாதி, அடுத்த நாள் பகலைத் தின்றிருக்கிறது. இதைக் கணக்குப் போட எனக்குப் பதினெட்டு வருடம் எடுத்தது என்பதுதான் கவலை.

எங்கள் அப்பா வேளாண்மை செய்தவர். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவையில் ஏறி மண்டூர்ப் பக்கம் போய், வேலைக் காலம் முழுக்க வயலில் உள்ள வாடிக் குடிலிலேயே தங்குவார். சின்ன வயதில் ஒரு லீவுக்கு நானும் போயிருக்கிறேன். வெள்ளாப்பிலேயே எழும்பி வெறும் பிளேன்டீயோடு வயலுக்குள் இறங்குவார். வெயில் உச்சிக்கு ஏற முன்னம் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து சாப்பிட்டு, துவாயை விரித்துப் படுத்துவிடுவார். கச்சான் காற்று அனலாக வீசுகிற நாளில் மூன்றரைக்கு முன்னம் யார் கூப்பிட்டாலும் இறங்கமாட்டார். பிறகு பின்னேரம் இறங்கினால் இருட்டுப்படும் வரைக்கும்தான். அவரைச் சோம்பேறி என்று வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒருத்தரும் சொன்னதில்லை. எந்த நேரத்தில் மண் இளகும், எந்த நேரத்தில் உடம்பு இளகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கரண்ட் லைட்டுக்குக் கீழே இருந்ததால் எல்லா நேரமும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

சரி, என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். முதலில், வெட்டுகிற வேலை விடியற்காலைக்கு மட்டும். ஐந்து மணிக்கு எழும்பி எட்டு மணிக்குள் அன்றைக்கு உள்ளதை வெட்டி முடித்துவிடுவேன், சூரியன் கடல் பக்கமிருந்து நேரே எங்கள் விறாந்தைக்குள் விழும், அந்த வெளிச்சத்துக்கு எந்தப் பல்பும் ஈடில்லை. பிழைத்தால் திருத்த முடியாத வேலை வெட்டு மட்டும்தான். தையல் பிழைத்தால் பிரிக்கலாம். அதனால் மூளை தெளிவாக இருக்கிற நேரத்தை அதற்குக் கொடுத்தேன். கை மட்டும் போதுமான வேலைகள், பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, நூல் வெட்டுவது, இவற்றைப் பின்னேரத்துக்கு விட்டேன். ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யலாம்.

அடுத்தது நூல். முந்தி ஒரு பிள்ளையின் உடுப்பை எடுத்தால் வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையும் முடித்த பிறகுதான் அடுத்த பிள்ளை. ஒவ்வொரு தரமும் மேல் நூல் மாற்றி, அடி நூல் சுற்றிய பொபின் மாற்றி, தையல் இழுவை சரியா என்று துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்து... எட்டுப் பிள்ளை என்றால் பதினாறு தரம். இப்போது காலையில் வெள்ளை எல்லாம், மத்தியானத்துக்குப் பிறகு நீலம் எல்லாம். முதல் நாள் இரவே எட்டுப் பொபின் சுற்றி ஒரு ரின்னில் போட்டு வைத்துவிடுவேன். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலமாவது மிச்சம் வருகிறது, அதைவிட, நடுவில் எழும்பித் தேடி எரிச்சல்படுவது இல்லை. களைப்பில் பெரிய பங்கு அந்த எரிச்சல்தான் என்று எனக்குப் படுகிறது.

என்னிடம் பழக வருகிற பிள்ளை ஒருத்தி, ஏ.எல். எழுதிவிட்டு வந்தவள், ஒரு மாதத்துக்குள்ளேயே கழுத்து நோகுது என்று அழுதாள். பார்த்தால் கதிரை பதிந்து இருக்கிறது, மெசின் உயரம், கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். கதிரைக் காலுக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டு வைத்து உயர்த்தினோம். செலவு ஒன்றுமில்லை. அதோடு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி வாசலில் நின்று தூரத்துத் தென்னையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கிட்டப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது செக்கன் பார்க்கச் சொல்லிக் கண் வைத்தியர்கள் சொல்வார்கள். ஊசிமுனையைப் பார்த்தபடி இருக்கிற எங்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று செய்து பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம்விடக் கஷ்டமாக இருந்தது "இல்லை" என்று சொல்லிப் பழகியதுதான். பிளீட் வைத்த வெள்ளைச் சட்டை ஒரு நாளைக்கு என்னால் ஒழுங்காக நாலுதான் தைக்க முடியும். அதனால் கொப்பியில் ஒரு நாளுக்கு நாலு கோடு போட்டு, நாலும் நிரம்பினால் அடுத்த நாள் திகதிதான் கொடுக்கிறேன். "அக்கா, இது ஒண்டுதானே" என்று கேட்பார்கள். முதல் வருடம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு துணியைத் திருப்பி எடுத்துப் போனார்கள். மனம் கிடந்து அடித்தது, காசும் தேவைதான். ஆனால் அந்த வருடம் திருத்த வந்தது இரண்டே இரண்டு உடுப்பு. போனவர்களில் ஒருத்தி அடுத்த வருடம் நவம்பரிலேயே துணியோடு வந்தாள்.

கடையிலும் கந்தோரிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நாளைக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு நாற்பத்தைந்து என்று. அது எல்லாக் கடையிலும் நடக்கிறதா என்பது வேறு கதை, அதைப் பற்றி அங்கே நிற்கிற பிள்ளைகள்தான் எழுத வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று வீட்டில் இருந்து உழைக்கிற எங்களுக்கு அப்படி ஒரு மணியும் அடிப்பதில்லை. நாங்களாகத்தான் மெசினை மூட வேண்டும். நான் ஒன்பது மணிக்கு மூடுகிறேன், டிசம்பரிலும்.

ஆனால் எங்களால் மட்டும் முடியாத ஒரு விசயம் இருக்கிறது, அதற்காகத்தான் உங்கள் பத்திரிகையைக் கேட்கிறேன். இலவசச் சீருடை 1993இல் தொடங்கியது, இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் துணி. எப்படிக் கொடுத்தாலும், கையில் கிடைத்த துணி அலுமாரிக்குள் கிடந்து கடைசிக் கிழமையில்தான் எங்களிடம் வருகிறது. பெற்றோரே, கிடைத்த அன்றைக்கே கொண்டு வாருங்கள். பிள்ளை வளர்ந்துவிடும் என்ற பயம் இருந்தால் ஓரத்தில் மூன்று அங்குலம் கூட்டி மடித்துத் தருகிறோம், பிறகு இறக்கிவிடலாம். துணி பிந்திக் கிடைத்தவர்களுக்கு அதிபர்மார்தான் உதவ வேண்டும். முதல் நாளே புது வெள்ளையோடு வா என்று பிள்ளைகளை நெருக்காமல், தைப்பொங்கல் முடியும் வரைக்குமாவது போன வருடச் சட்டையை நீலம் போட்டுத் தோய்த்துப் போட்டு வர விடுங்கள். இதை அதிபர்மார் டிசம்பர் விடுமுறைக்கு முன்னமே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
களுவாஞ்சிகுடி.