பேனாவுக்கு இருபதாயிரமா என்று கேட்ட அப்பாவுக்கு

குரே, ஹிரோஷிமா
22-6-2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகம்தானே?

ரெண்டு வாரமாக நான் போன் பண்ணினால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போய்விடுகிறீர்கள். தங்கச்சிதான் காரணம் சொன்னாள். அவளுக்குப் படம் அனுப்பியது என் தப்பு, விலையைச் சொன்னது அதைவிடத் தப்பு. "ஒரு பேனாவுக்கு இருபதாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிக் கட்டலாமே" என்றீர்களாம். போனில் உங்களிடம் எதிர்த்து நாலு வார்த்தை பேச எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் கடிதம், அதுவும் அந்தப் பேனாவாலேயே. வாசித்து முடித்துவிட்டு வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள்.

முதலில் கணக்கு. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் மார்ச்சோடு தீர்ந்தது. அம்மாவின் சங்கிலியைப் பேங்கிலிருந்து திருப்பியாச்சு. அதற்கப்புறம்தான் ஓவர்டைம் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து இந்த மாதம் வாங்கினேன். சங்கிலி பேங்கில் கிடக்கும்போது வாங்கியிருந்தால் நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

இங்கேயும் இப்போது மழைதான். ட்சுயு என்கிறார்கள், பிளம் பழுக்கிற நேரத்து மழை. நம் ஊர் இடவப்பாதி மாதிரி அடித்துப் பெய்யாது. நசநசவென்று நாள் முழுக்கத் தூறும், துணி காயாது. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு நின்றிருக்கும், நீங்கள் திண்ணையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து இருப்பீர்கள். எனக்கு வேலை கப்பலின் வயிற்றுக்குள் என்பதால் மழை ஒரு பொருட்டில்லை. வெல்டிங் புகையும் சூடும்தான். சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் நிறையச் சொல்லியாச்சு. சிப்பி இங்கே தாராளமாகக் கிடைக்கிறது, மரச்சீனிக் கிழங்குதான் இல்லை.

இந்த ஊர் கப்பலுக்குப் பேர் போனது. யமாத்தோ என்ற பெரிய போர்க்கப்பலை இங்கேதான் கட்டினார்கள். ஆனால் கடலைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நாலு பக்கமும் தீவுகள், அலையே கிடையாது. குளச்சலில் வள்ளம் தள்ளுகிறவர்கள் இதைக் குளம் என்பார்கள். இதே குரேயில்தான் 1911இல் சகாதா க்யூகோரோ என்பவர் பேனா செய்ய ஆரம்பித்தார். துறைமுக ஊர் அல்லவா, கம்பெனிக்கு சேலர் என்று பேர். கடலோடி என்று அர்த்தம், பேனாவில் நங்கூரம் பொறித்திருக்கும். பைலட், பிளாட்டினம் என்று இன்னும் ரெண்டு பேனா கம்பெனி, 1918இலும் 1919இலும் தொடங்கியவை. மூன்றும் நூறு வருடம் தாண்டியும் பேனா செய்துகொண்டிருக்கின்றன. நான் வாங்கியது சேலர். இங்கே மைப்பேனாவுக்கு மன்னென்ஹிட்சு என்று பேர். பத்தாயிரம் வருடத் தூரிகை என்று அர்த்தமாம். கொஞ்சம் வாய் நீளம்தான்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். மனசுக்குள் பாட்டா என்றுதான் கூப்பிடுவேன். கஞ்சி என்கிற ஜப்பான் சித்திர எழுத்தை நான் பழகும்போது பால்பாயின்டை அழுத்திப் பேப்பரைக் கிழிப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் ககுனோ என்று ஒரு பேனா கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்கென்று பைலட் 2013இல் இறக்கியது. நிப்பில் ஒரு சிரிக்கும் முகம் இருக்கும், அந்த முகம் நம்மைப் பார்த்தால் பிடி சரி. இருபத்தொன்பது வயதில் அதைப் பார்த்துத்தான் பேனா பிடிக்கக் கற்றேன். அழுத்தவே கூடாது அப்பா. பேனாவின் பாரமே போதும், தாளைத் தொட்டால் மை இறங்கும். நீங்கள் கத்தி பிடிப்பதைப் பற்றிச் சொல்வீர்களே, "அழுத்தினா காயம் விழும், கத்தி தானா போகணும்" என்று. அதேதான்.

இன்னொன்று, இந்தக் கடிதத்தில் மூன்று சுழி ணகரத்தைப் பாருங்கள். மூன்று சுழிக்குள்ளும் வெள்ளை தெரிகிறதா? கஞ்சியில் ஒரே எழுத்துக்கு இருபது கோடு கூட வரும், அதைப் பொடிக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அதனால் இவர்களுடைய நிப் மற்ற நாட்டு நிப்பைவிட ஒரு படி மெலிசு. அது நம் எழுத்துக்கும் வாய்த்துவிட்டது. இங்கே மீடியம் என்று விற்பதிலேயே எழுதிப் பார்த்தேன், ணகரம் அடைந்து மூன்று மிளகு மாதிரி ஆகிவிட்டது. ஃபைன் நிப்தான் தமிழுக்குச் சரி. பைலட் வழுக்கிக்கொண்டு ஓடும். சேலர் பென்சில் மாதிரி தாளை லேசாக உரசும். சிலருக்கு அந்த உரசல் ஆகாது. எனக்கு அதுதான் பிடித்தது, கை எங்கே போகிறது என்று தெரிகிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு ஹீரோ பேனா வாங்கித் தந்தீர்களே, நினைவிருக்கிறதா? அது தாளைக் கீறியது. நான் அழுதுகொண்டு நின்றேன். நீங்கள் வெட்டுக்கத்தி தீட்டும் கல்லின் வழவழப்பான பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நிப்பை எட்டுப் போடுகிற மாதிரி பத்துத் தடவை சுற்றித் தந்தீர்கள். பரீட்சை முழுக்க அது வெண்ணெயாக எழுதியது. இந்த ஊர் சேலர் கம்பெனியில் நகஹாரா நொபுயோஷி என்று ஒருவர் இருந்தார். நிப் தீட்டுவதில் உலகம் முழுக்கப் பேர் பெற்றவர். அவர் தீட்டிய நிப்புக்கு நகினாத்தா தோகி என்று பேர். நகினாத்தா என்றால் நீண்ட பிடி போட்ட வாள், தோகி என்றால் தீட்டுவது. பேனாவை நிமிர்த்திப் பிடித்தால் மெலிசாகவும் சாய்த்தால் தடியாகவும் எழுதும். அந்த நிப்புக்கு மக்கள் வரிசை கட்டிப் பணம் கொடுக்கிறார்கள். நீங்கள் அன்றைக்குச் செய்தது அந்த அளவு பெரிய வேலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கல்லில் வைத்துத் தீட்டினால் நிப் மாறும் என்று உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

இனிமேல் சொல்வது உங்களுக்கென்றே சேர்த்து வைத்தது.

ஹிரோஷிமாவில் ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குள் ஒரு கறுப்புப் பேனா பார்த்தேன். மேலே தங்கப்பொடியில் மீன் நீந்துகிறது. விலைச்சீட்டில் ஏழு இலக்கம். பயப்படாதீர்கள், பார்த்ததோடு சரி. பாட்டாதான் சொன்னார், அந்த உடம்பு ரப்பராம். நிஜமாகவே நம் ரப்பர்தான். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து நேரமெடுத்து வேகவைத்தால் கொம்பு மாதிரி இறுகிவிடும், எபோனைட் என்பார்கள். கடைசல் எந்திரத்தில் மரம் மாதிரி கடையலாம். முன்காலத்துப் பேனாவெல்லாம் அதில்தான். இப்போதும் சில நல்ல பேனாக்களில் நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு அதில்தான் செய்கிறார்கள், மை அதில் நன்றாக ஒட்டும் என்பதால். ஒரு பழைய எபோனைட் பேனாவைத் துணியால் சூடேறத் தேய்த்து மோந்து பார்த்தேன். கந்தக வாசம்தான். நம் புகைக்கூட்டில் தொங்கும் ரப்பர் ஷீட் வாசம் கொஞ்சமாவது வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அந்த எபோனைட்டில் ஒரு குறை, வெயில் பட்டால் நிறம் மங்கிப் போகும். 1920களில் பைலட் கம்பெனிக்காரர்கள், அப்போது நமிக்கி என்று பேர், அதன்மேல் உருஷி என்ற மரப்பாலைப் பூசி மங்காமல் காத்தார்கள். பூசின பிறகு, சும்மா கறுப்பாக இருப்பானேன் என்று தங்கப்பொடி தூவிச் சித்திரமும் எழுத ஆரம்பித்தார்கள். மக்கி-எ என்று பேர். அந்தக் கண்ணாடிக்குள் இருந்த மீன் அந்த வழியில் வந்ததுதான்.

இந்த உருஷிப்பால் எடுப்பதை டி.வி.யில் காட்டினார்கள் அப்பா. வடக்கே இவாத்தே மாகாணத்தில் ஜோபோஜி என்று ஒரு இடம். ஒரு வயசாளி இடுப்பில் வாளி கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தேன். நடையே உங்கள் நடை. மரத்தடியில் நின்று பட்டையை ஒருமுறை தடவிப் பார்ப்பதும் நீங்கள்தான். ஆனால் வெட்டு வேறு. நம்மைப் போல மரத்தைச் சுற்றிச் சரிவாகப் பட்டை சீவுவதில்லை. குறுக்காக ஒரு சின்னக் கீறல். நாலைந்து நாள் கழித்து வந்து அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் நீளமாக ஒரு கீறல். ஜூனில் தொடங்கி இலையுதிர் காலம் வரை இப்படி ஏறிக்கொண்டே போகிறது. சிரட்டை கிடையாது, பால் ஒழுகி விழும் அளவுக்கு வராது. கசிவதைச் சொட்டுச் சொட்டாகக் கரண்டியால் வழித்து எடுக்கிறார். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த ஒரு மரம், அந்த ஒரு பருவம் முழுக்க எடுத்தாலும் சுமார் 200 கிராம். அதோடு மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். தூரிலிருந்து துளிர்ப்பதை மறுபடி வளர்க்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வருடம் ஒரே மரத்தில் வெட்டும் உங்களுக்கு இது நெஞ்சு பொறுக்காது என்று தெரியும், எனக்கும் பொறுக்கவில்லை. ஜப்பானில் பூசும் உருஷியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவிலிருந்துதான் வருகிறது. இந்தப் பாடுபட்டு எடுப்பது எத்தனை பேருக்குக் காணும்?

அது உலர்வது இன்னொரு அதிசயம். வெயிலில் வைத்தால் உலராது. ஈரத்துணி போட்ட மரப்பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் வேண்டும். உங்கள் வேலையை நிறுத்துகிற மழைதான் அவர்கள் வேலையை நடத்துகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். உருஷிப்பால் பச்சையாக உடம்பில் பட்டால் தடித்துக் கொப்பளிக்கும். அந்த மரமும் நம் கொல்லா என்கிற முந்திரி மரமும் ஒரே குடும்பம், மாவும் அதில்தான் சேர்த்தி. அண்டி ஆபீசில் முந்திரித் தோடு உடைக்கும்போது சாம்பல் தொட்டுக்கொண்டும் அம்மாவின் விரல் வெந்து கறுத்துப் போகுமே, அந்த எண்ணெய்க்கும் இதற்கும் உறவு. அதைவிட ஒன்று, உருஷி விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இங்கே கஷ்யூ என்று ஒரு பூச்சு விற்கிறார்கள். தூண்டில் கம்பு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் அடிப்பது. என்னவென்று விசாரித்தால் அண்டித்தோட்டு எண்ணெயில் செய்ததாம்! கடையில் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரர் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

என்னிடம் மொத்தம் ஏழு பேனா. இருபதாயிரம் ஒன்றுதான், மற்றதெல்லாம் சில்லறை. மூன்று பேனா பழைய சாமான் கடையில் மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தவை. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பாத்திரம் நீலமாகிவிடும், பேனா பிழைத்துவிடும். அதில் ஒன்று 1970கள் காலத்துக் குட்டிப் பேனா. சட்டைப் பைக்கென்று செய்தது, மூடியைப் பின்னால் சொருகினால்தான் முழு நீளம் வரும். பாட்டா பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவருடைய அப்பா இதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தாராம், இன்னும் அதில்தான் எழுதுகிறார். அந்தக் காலத்து பைலட் நிப்பில் செய்த மாதமும் வருடமும் பொடி எழுத்தில் அடித்திருக்கும். எச் 671 என்றால் ஹிராட்சுகா தொழிற்சாலை, 1971 ஜூன். நீங்கள் பிறந்த மாதம். அதைத்தான் தேடுகிறேன். 571 கிடைத்தது, 871 கிடைத்தது. 671 மட்டும் ஆப்பிடவில்லை.

மையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் காணாது. கோபே ஊரில் ஒரு கடைக்காரர்கள் தங்கள் ஊரின் இடங்களுக்கு ஒவ்வொரு நிறமாக மை செய்து விற்கிறார்கள். நம் மாவட்டத்துக்குச் செய்தால் முட்டத்துத் தேரிமண் சிவப்பு ஒன்று, பேச்சிப்பாறை அணையின் சாயங்காலப் பச்சை ஒன்று, மணவாளக்குறிச்சிக் கருமணல் மினுக்கத்தோடு கறுப்பு ஒன்று. வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் இப்படித்தான் நினைப்பு ஓடுகிறது.

போன தடவை வந்தபோது சட்டையெல்லாம் நீலமாக நின்றேனே, கேட்டதற்குப் பேப்பர் கப்பில் இருந்த என்னவோ கொட்டியது என்றேன். பொய். பாதி மை இருந்த பேனாவைப் பையில் குத்திக்கொண்டு விமானம் ஏறியதன் பலன். மேலே போகப்போக உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளிவிடும். முழுக்க நிரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அந்தச் சட்டையை அம்மா மூன்று தடவை வெளுத்தாள்.

கருங்கல் ஊர்க்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதமும் ஒரு சின்னப் பொட்டலமும் அவர் கையில் வரும். பொட்டலத்தில் பிரெப்பி என்று ஒரு பேனா, இங்கே ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை, உடனே கத்தாதீர்கள். கூட நாலு மைக்குழாய். குழாயைக் கழுத்துப் பக்கமாக வைத்து "டக்" என்று கேட்கும்வரை அழுத்தி, நிப் கீழே பார்க்க அஞ்சு நிமிடம் வையுங்கள். மாதக்கணக்கில் எழுதாமல் போட்டாலும் மை காயாத மாதிரி மூடி. ஷீட் கணக்கு எழுதுகிற நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாதீர்கள். பால்பண்ணையில் கையெழுத்துப் போட யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அவர்கள் அழுத்துவார்கள்.

கீறினால் கல்லில் தீட்டிவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், போனில் வேண்டாம், அந்தப் பேனாவாலேயே எழுதுங்கள். எப்படிக் கீறுகிறது என்று எழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு.: இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கறை மைதான். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது.