வாய்ப்புப் பட்டியலும் நாலாம் இடத்துப் பெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவி பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கும் ஐந்து பேரில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரமாக வரிசைப்படுத்திப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்று அடிபிடி நடக்கிறது. யாரும் படிக்காத பக்கமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன ஞாயிறு காலை கோத்தகிரியிலிருந்து என் அக்கா போன் செய்தாள். நீங்கள் நாலாம் இடத்தில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெண்ணுக்குத்தான் அக்கா முதல் வாரத்திலிருந்து ஓட்டுப் போட்டு வந்தாள். "அது வராதுடா தம்பி. பேப்பர்லயே நாலாவதுன்னு போட்டுட்டாங்க. ஓட்டை எதுக்கு வீணாக்கணும்? ரெண்டாவதா இருக்கிற பையனுக்குப் போட்டுட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணின் பாட்டு இப்போது பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "ஐயோ, பாட்டு அதுதான் நல்லாப் பாடுது" என்றாள். அன்று முழுவதும் அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை.

நான் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் அலுவலகத்தில், டேஸ்டிங் அறையில் 31 வருடம் வேலை பார்த்தவன். டேஸ்டருக்குக் கோப்பை அடுக்கித் தருவது என் வேலை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டின் (ஒரே தரமாகச் சேர்த்து விற்கும் தொகுதி) சாம்பிளிலிருந்தும் தூளை நிறுத்து மூடி போட்ட வெள்ளைக் குவளையில் போட்டுக் கொதிநீர் ஊற்ற வேண்டும். நேரம் ஆனதும் சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, சக்கையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். டேஸ்டர் வரிசையாக நடந்துகொண்டே கரண்டியால் எடுத்து உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, குறிப்பு எழுதுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்வார். ஒன்று, டீ எப்படி இருக்கிறது: நிறம், கெட்டித்தன்மை, நாக்கில் சுறுக்கென்று பிடிக்கிறதா, மணம் உண்டா. இன்னொன்று, இந்த வார ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போகும் என்பது.

இரண்டும் ஒன்றல்ல. ஜனவரி குளிரில் வரும் மணமான இலைத்தூளுக்கு "நல்ல டீ" என்று எழுதிவிட்டு, அதற்கே விலையைக் குறைத்துப் போட்ட வாரங்கள் உண்டு. வாங்குகிற பெரிய ஆட்கள் அந்த வாரம் டஸ்ட் என்கிற பொடித்தூளை மட்டும் தேடினால், இலை என்ன மணம் மணந்தும் பயன் இல்லை. ஆனால் விலை குறைகிறது என்பதற்காக "டீ சுமார்" என்று எங்கள் டேஸ்டர் எழுதி நான் பார்த்ததே இல்லை. ஏலம் முடிந்ததும் நாங்கள் போட்ட விலையையும் டீ விற்ற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்போம். எங்கே தவறினோம், ஏன் தவறினோம் என்று பேசிவிட்டுத்தான் அடுத்த வார வேலை தொடங்கும்.

உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதல் இடத்துக்கு "அருமையான குரல்வளம், ரசிகர் பட்டாளம் அதிகம்" என்று ஒரே வரியில் எழுதுகிறீர்கள். குரல்வளம் காதுக்குத் தெரியும். ரசிகர் பட்டாளம் போனை எடுக்கும் விரலின் கணக்கு. நாலாம் இடத்துக்கு "மென்மையான குரல், வாய்ப்பு குறைவு" என்று போட்டுவிட்டால், மென்மையாகப் பாடுவதே ஒரு குறை என்று ஆகிவிடுகிறது.

வாய்ப்பைக் கணிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சுவாரசியமான வேலை. 2007-ல் இந்தியன் ஐடல் மூன்றாம் சீசனில் கடைசி இருவராக நின்றவர்கள் டார்ஜிலிங்கின் பிரசாந்த் தமாங்கும் ஷில்லாங்கின் அமித் பாலும். இருவருமே மலையூர்க்காரர்கள், அதிலும் டார்ஜிலிங் நம்மைப் போலவே தேயிலை மலை. ஊரே பணம் திரட்டி எஸ்.எம்.எஸ். அனுப்பியது. கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்த தமாங் ஜெயித்தார். நம் சூப்பர் சிங்கரில் 2018-ல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டோடு வந்து பட்டம் வாங்கினார். எங்கள் வீட்டில் அன்று கேசரி கிண்டினோம். யார் எந்த ஊர், அந்தப் பாட்டைத் தன் பாட்டு என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக் கணிக்கலாம், தப்பில்லை.

ஆனால் ஓட்டு ஒரு பாட்டுக்காரரை அளந்துவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பின்னாளில் இந்திப் படங்களின் முன்னணிப் பாடகரான அரிஜித் சிங், 2005-ல் ஃபேம் குருகுல் டிவி போட்டியில் ஜெயிக்காமல் வெளியே வந்தவர். அமெரிக்காவில் ஜெனிஃபர் ஹட்சன் 2004-ல் அமெரிக்கன் ஐடலில் ஏழாம் இடத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2007-ல், ஒரு இசைப் படத்தில் பாடி நடித்ததற்கு ஆஸ்கர் வாங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையில் யார் யாருக்கு அடுத்து வருகிறார்கள் என்பது நாக்கை ஏமாற்றும். கெட்டியான ஒரு டஸ்டைக் குடித்த கையோடு மணமான இலைத்தூளைக் குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் டேஸ்டர் திரும்பி வந்து, கோப்பையை இடம் மாற்றி வைக்கச் சொல்லி மறுபடி குடிப்பார். காதும் அப்படித்தான். போன சனிக்கிழமை அந்தப் பெண்தான் முதலில் பாடினாள். உங்கள் ரெண்டாம் இடத்துப் பையன் கடைசியில் வந்தான். பின்னால் பத்து பேர் ஆட்டம், மேடையில் புகை, மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட இழுப்பு. நடுவர்கள் எழுந்து நின்றார்கள். அதற்குள் முதல் பாட்டு யாருக்கு நினைவில் இருக்கும்?

எனக்கு இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் குரல் கீழே இறங்குகிற ஒரு இடம். தபேலா நின்றுவிட்டது. அந்த மாதிரி இடத்தில் பலர் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு வெறும் காற்றாக விட்டுவிடுவார்கள். இவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தாள். கண்ணை மூடவில்லை. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்து வரை சுருதியில் நின்று, வாயைச் சாத்திய பிறகுதான் மூச்சு எடுத்தாள். ஒரு சங்கதிகூட அதிகம் போடவில்லை.

சரி, என் காது மட்டும் போதாது என்று செவ்வாய்க்கிழமை வீட்டில் ஒரு சோதனை வைத்தேன். நாற்காலிகளைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டோம். என் மகன் போனில் ஐந்து பாட்டையும் வரிசை மாற்றிப் போட்டான். நடுவர் பேச்சும் கைதட்டலும் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டான். நான், என் மனைவி, மருமகள், அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில் ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டுக்காரர், நான்கு பேரும் துண்டுச் சீட்டில் எண் மட்டும் எழுதினோம். மூன்று சீட்டில் அந்தப் பெண் முதல். மருமகள் உங்கள் மூன்றாம் இடத்துப் பையனை முதலில் எழுதினாள். உங்கள் ரெண்டாம் இடத்துப் பையன் எந்தச் சீட்டிலும் முதல் இரண்டுக்குள் வரவில்லை. குரல் அடையாளம் தெரியாமல் இருக்காது, நான்கு பேர் காது ஊர்க் காதும் ஆகாது. ஆனாலும் உங்கள் வரிசைக்கும் எங்கள் சீட்டுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று அக்காவிடம் இதைச் சொன்னேன். இந்த வாரம் யாருக்கு ஓட்டு என்று கேட்டேன். "பேப்பர் வரட்டும், பார்த்துட்டுப் போடுறேன்" என்றாள். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். 40 வருடம் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவள், அச்சில் வந்தால் நாலு பேர் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறாள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒன்றில், அந்த வாரம் யார் எப்படிப் பாடினார்கள், எந்த இடத்தில் சுருதி நின்றது, எங்கே நழுவியது என்று எழுதுங்கள். இன்னொன்றில் வாய்ப்பை எழுதுங்கள், காரணத்தோடு. முந்தைய வாரம் நீங்கள் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் போடுங்கள். ஓட்டுப் பதிவு திறந்திருக்கும் நாட்களில் வாய்ப்புப் பத்தியை மட்டும் நிறுத்தி வையுங்கள். இந்த முறை ஓட்டு திங்கள் இரவு வரை உண்டு என்று டிவியில் சொன்னார்கள். வரும் ஞாயிறு இணைப்பில் பாட்டுப் பத்தி மட்டும் வந்தால் போதும், வாய்ப்புப் பத்தி அடுத்த ஞாயிறு வரட்டும்.

தங்கள் வாசகன்,
தேயிலை புரோக்கர் அலுவலக ஊழியர் (ஓய்வு),
பெட்போர்ட், குன்னூர், நீலகிரி மாவட்டம்.