டெபாசிட் பிடித்தம் தொடர்பான புகார்: தஞ்சோங் பூங்கா அடுக்குமாடி வீடு

பெறுநர்:
மேலாளர்,
சொத்து மேலாண்மைப் பிரிவு,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

ஐயா,

வணக்கம். வீட்டை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தம். அந்தக் கெடு முடிந்துவிட்டது. பணம் வரவில்லை, பிடித்தக் கணக்குதான் வந்திருக்கிறது. இரண்டு மாத வாடகை 3,600 ரிங்கிட், மின்சார, தண்ணீர் டெபாசிட் 900 ரிங்கிட், ஆக மொத்தம் 4,500. அதில் 2,520 ரிங்கிட்டைக் கழித்திருக்கிறீர்கள். இந்தக் கழிவு எதையும் ஏற்க முடியாது.

முதலில் படுக்கையறைச் சுவர். பூஞ்சைக்கு நாங்கள் ஜன்னல் திறக்காததே காரணம் என்று சொல்லி, அறை முழுக்கப் பெயின்ட் அடிக்க 1,400 ரிங்கிட் போட்டிருக்கிறீர்கள். காற்றோட்டம் இல்லாமல் வரும் பூஞ்சை அலமாரிக்குப் பின்னாலும் கூரை மூலைகளிலும் புள்ளி புள்ளியாகப் படரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஏசியின் இடது ஓரத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் அகலத்தில், தரைவரை ஒரே கோடாகப் பெயின்ட் உப்பியிருக்கிறது. அது தண்ணீர் வழிந்த தடம். பினாங்கின் ஈரக்காற்றில் ஒரு குதிரைத்திறன் ஏசிகூட ஓர் இரவில் சில லிட்டர் நீரை வடிக்கும். அந்த நீரைக் குளியலறைக்குக் கொண்டுபோகும் குழாய் சரிவாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் குழாய் சுவருக்குள் நடுவே மேடாகிப் போகிறது. நீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது, ஏசிக்குள் நீர் சேரும் தட்டு நிரம்பிச் சுவரில் வழிகிறது. சர்வீஸ் செய்தவர் இதை ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார். அதன் படத்துடன் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம். பதில் இல்லை. சுவருக்குள் இருக்கும் குழாயைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மூன்று ஏசிகளுக்கும் கெமிக்கல் வாஷ், அதாவது ரசாயனம் கொண்டு கழுவுதல், என்று 450 ரிங்கிட். ஒப்பந்தம் கேட்பது ஆறு மாதத்துக்கு ஒரு சாதாரண சர்வீஸ். அதைத் தவறாமல் செய்த ரசீதுகளை இணைத்துள்ளோம். கெமிக்கல் வாஷ் ஏசியின் குளிர்விக்கும் சுருளையும் தட்டையும் சுத்தமாக்கும், குழாயின் சரிவை மாற்றாது. அடுத்து ஒருவர் குடிவந்தாலும் இதே சுவர் நனையும்.

பால்கனி கிரில் பூட்டுக்கு 250. கடலைப் பார்த்த பால்கனியில் இரும்புப் பூட்டு துருப்பிடிப்பது உப்புக்காற்றால் வரும் இயல்பான தேய்மானம். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது.

மிச்சம் 420 ரிங்கிட், இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணமும், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்குச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டும். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி மேலாண்மைச் சட்டப்படி இது வீட்டு உரிமையாளர் செலுத்த வேண்டியது. இதை வாடகைதாரர் தலையில் கட்ட உங்கள் ஒப்பந்தத்தில்கூட இடமில்லை.

எங்கள் பாக்கி, ஒப்படைத்த நாளின் மீட்டர் அளவுப்படி மின்சாரம் 96.40, தண்ணீர் 14 ரிங்கிட் மட்டுமே. அதைக் கழித்து 4,389.60 ரிங்கிட் தர வேண்டும். வேலை அனுமதி முடிந்ததும் இங்குள்ள வங்கிக் கணக்கும் மூடப்படும். எனவே இணைப்பில் உள்ள இந்தியக் கணக்குக்கு அனுப்புங்கள். வங்கிக் கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம். முத்திரைக் கட்டணத்துக்கு எங்களிடம் பணம் வாங்கினீர்கள். முத்திரைச் சான்றிதழ் இன்றுவரை கைக்கு வரவில்லை. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால் அதன் நகலும் வேண்டும்.

குடியிருப்பு வாடகைக்கென மலேசியாவில் தனிச்சட்டம் இல்லாததால் ஒப்பந்தம்தான் பேசும். வெளிநாட்டவர் எப்படியும் ஊருக்குப் போய்விடுவார் என்ற நம்பிக்கையில் பிடித்தம் போடுவது அநியாயம். இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், வேலை அனுமதி முடியும் முன்பே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் மனு கொடுப்போம். அங்கு 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

இப்படிக்கு,
வாடகைதாரர்

இணைப்பு: ஒப்பந்த நகல், சர்வீஸ் ரசீதுகள், சுவர் மற்றும் மீட்டர் படங்கள், வாட்ஸ்அப் பதிவுகள், வங்கிக் கணக்கு விவரம்